குடை போட்ட சட்டை

சட்டையைத்தானே பார்க்கிறீர்கள் சார்? பாருங்கள், பாருங்கள். பஸ் ஏறினதிலிருந்து ஜன்னலைப் பார்க்கிற மாதிரி இதைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறீர்கள். பச்சைத் துணியில் மஞ்சள் குடை. முதுகிலும் இருக்கிறது. வெள்ளை வேட்டிக்கு இது எடுக்கவில்லை என்று என் தம்பி சம்சாரம் சொன்னாள். எடுக்காவிட்டால் போகட்டும். சம்பந்தி வீட்டில் கொடுத்த துணி. நல்ல காரியத்துக்குப் போனால் இதைத்தான் போடுவேன்.

ராஜபாளையத்துக்குத்தான் போகிறேன். தம்பி மகனுக்குப் பெண் பார்க்க. அவர்கள் எல்லாம் வேனில் முன்னால் போய்விட்டார்கள். வேனில் ஏறினால் நம்மைப் பேச விடமாட்டார்கள். நானும் அதிகம் பேசுகிறவன் கிடையாது, அது வேறு விஷயம்.

சம்பந்தி எந்த ஊரா? அக்ரா. தாஜ்மகால் இருக்கிற ஆக்ரா இல்லை சார். இது அக்ரா. ஆப்பிரிக்காவில் மேற்குப் பக்கம், கானா என்று ஒரு நாடு, அதற்குத் தலைநகரம். கடலை ஒட்டி இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டுவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன். பிறகு நீங்கள் தூங்கலாம்.

நான் சாத்தூரில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவன். பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை. இங்கிலீஷெல்லாம் சரக்குச் சீட்டையும் பேப்பரையும் எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் வந்தது. ஆனால் ஒரு வித்தை தெரியும். ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற கையைப் பார்த்தே ஆள் எப்படி என்று சொல்லிவிடுவேன். நான் ஒரு டிரைவருக்கு ஜாமீன் சொன்னால் போதும், கம்பெனிக்காரன் மறுபேச்சுப் பேசாமல் சரக்கை ஏற்றிவிடுவான். அப்படிப் பேர் எனக்கு.

ஒரே மகள். பேர் மங்கை. இன்ஜினியர். அக்ராவில் மழைத்தண்ணீர் ஓடுகிற வடிகால் கட்டுகிற கம்பெனியில் வேலை. அவள் அம்மா சீனியம்மாள் போன பிறகு, நான் இங்கே, அவள் அங்கே. முப்பதைத் தாண்டிவிட்டது, கல்யாணப் பேச்சை எடுத்தாலே, "இந்த மழை போகட்டும்பா" என்பாள். ஒரு மழை போனால் அடுத்த மழை. இப்படியே விட்டால் சரிப்படாது என்று நானே ஓர் இடம் பார்த்தேன். எங்கள் சாத்தூரிலேயே பல் டாக்டர். சொந்த ஆஸ்பத்திரி. ஜாதகம் அம்சமாகப் பொருந்தியது. "ஆனி பிறக்கிறதுக்குள்ள பொண்ணு வாயால சரின்னு சொல்ல வைக்கிறேன்" என்று பையனின் அப்பாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டு, ஜாதகத்தைப் பையில் வைத்துக்கொண்டு வைகாசியில் விமானம் ஏறினேன். அவள்தான் டிக்கெட் அனுப்பியிருந்தாள். "சும்மா வந்து பாத்துட்டுப் போங்கப்பா" என்றாள். நான் சும்மா போகிற ஆளா?

இறங்கினால் ஒரே புழுக்கம். வானம் இறங்கி வந்து தலைக்கு மேலே நிற்கிறது, பெய்ய மாட்டேன் என்கிறது. மங்கை ஓடி வந்து கட்டிக்கொண்டாள். பக்கத்தில் ஒரு பையன். நல்ல உயரம், பளிச்சென்று சிரிப்பு. என் பெட்டியை வாங்கிக்கொண்டு, "வெல்கம் டாடி" என்றான். பேர் கோட்டே. அந்த ஊர்ப் பேர். நான் கோட்டைச்சாமி என்றே கூப்பிட்டேன். அவன் ஒன்றும் வருத்தப்படவில்லை. பெட்டியை டிக்கியில் வைத்தான், கதவைத் திறந்துவிட்டான், ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தான். கையைப் பார்த்தேன். இரண்டு நிமிஷம்தான். "தாயி, நல்ல டிரைவராப் பிடிச்சிருக்க" என்றேன்.

மங்கை என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அவன் அவள் பக்கம் திரும்பி, வேண்டாம் என்று லேசாகத் தலையாட்டினான். அவள் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். என்ன என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் சார். எதிலும் எனக்கு முதலிலேயே தெரிந்துவிடும்.

நான் பின் சீட்டில், அவள் முன் சீட்டில். அந்த ஊரில் டிரைவரை அவ்வளவு மதிக்கிறார்கள். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் போவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

அடுத்த நாள் மழை ஆரம்பித்தது. நம்ம ஊர் மழை தூறலாக வந்து, யோசித்து, பிறகு பெய்யும். அங்கே யோசனையே கிடையாது. காலையில் தகரக்கூரையில் லோடு ஜல்லியைக் கொட்டின மாதிரி ஒரு சத்தம். சத்தம் என்றால் அது ஒன்றுதான் சத்தம். ஊரே அமைதியாக இருந்தது. "இங்க ரேடியோ செட்டு, மேளம், மைக்கு ஒண்ணும் கிடையாதா?" என்று கேட்டேன். "இந்த ஊரு பூர்வீக ஜனங்க மக்காச்சோளம் விதைச்சிருக்காங்கப்பா. பயிர் வளர்ற ஒரு மாசம் சாமிக்குத் தொந்தரவு கூடாதுன்னு யாரும் மேளம் அடிக்க மாட்டாங்க" என்றாள். நாம் பயிர் வளர மேளம் அடித்து மழையைக் கூப்பிடுகிறோம். அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டே மழையை வாங்கிவிடுகிறார்கள்.

மங்கை காலையில் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வடிகாலைப் பார்க்கப் போய்விடுவாள். எனக்குத் துணை கோட்டைச்சாமிதான். தினமும் சாயங்காலம் வந்துவிடுவான். கடற்கரைக்குக் கூட்டிப்போவான். மீன் பொரித்து, புளித்த மக்காச்சோள மாவை அதன் மட்டையிலேயே சுற்றி வேகவைத்துத் தருவார்கள், கென்கே என்று பேர். நம்ம கம்மங்கூழைக் கட்டியாக்கினால் எப்படியோ அப்படி. காரமென்றால் காரம். மூக்கில் தண்ணீர் வர இரண்டு பேரும் சாப்பிடுவோம். ரிவர்ஸ் எடுக்கும்போது அவன் கொஞ்சம் அவசரப்படுவான். இறங்கி நின்று, "லெஃப்ட், லெஃப்ட், போதும்" என்று நான் கை காட்டுவேன். "தேங்க்யூ டாடி" என்பான். வயசானவர்களை எல்லாம் டாடி என்பார்கள் போல.

மரியாதை தெரிந்தவன் சார். வீட்டுக்குள் வந்தால் செருப்பைக் கழற்றிவிடுவான். நான் கேட்காமலே காப்பி போடுவான். சீனி டப்பா எங்கே, தூள் டப்பா எங்கே என்று எல்லாம் தெரியும். எத்தனை டிரைவருக்கு முதலாளி வீட்டுச் சீனி டப்பா தெரியும், சொல்லுங்கள்? அவ்வளவு ஒட்டுதலாக வேலை பார்த்தான். ஒரு நாள் மழையில் நனைந்து வந்தவனுக்கு என் ஈரிழைத் துண்டைக் கொடுத்தேன், அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று. இரண்டு கையாலும் வாங்கி மார்போடு வைத்துக்கொண்டான். துண்டுக்கா இவ்வளவு என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மங்கையிடம் மட்டும் வந்த காரியம் நகரவில்லை. "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று இரண்டு மூன்று தடவை வந்து உட்கார்ந்தாள். "பல் டாக்டர் பத்தித்தானே? பையன் பீடி, சிகரெட் கிடையாதும்மா. மெயின் ரோட்டுல ஆஸ்பத்திரி" என்று நானே எடுத்துக் கொடுத்தேன். எழுந்து போய்விடுவாள். வெட்கம்.

சரி, வேறு வழியில் போவோம் என்று ஒரு நாள் காரில் கோட்டைச்சாமியிடமே எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். "நீ சொன்னா மங்கை கேப்பா. நல்ல மாப்பிள்ளை. டூத் டாக்டர். கட்டிக்கோன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு."

வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. பள்ளம்.

வைப்பரை இன்னும் வேகமாக ஓடவிட்டான். பிறகு, "அவர் நல்லவரா டாடி?" என்று கேட்டான்.

"நல்லவன்தான். உன் அளவுக்குன்னு வச்சுக்கோயேன்" என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. ஐயோ பாவம், தனக்கு ஒருத்தரும் பார்க்கவில்லையே என்று ஏங்குகிறான் என்று புரிந்துகொண்டேன். முதுகில் தட்டி, "கவலைப்படாதே, உனக்கும் நானே ஒரு பொண்ணு பாத்து முடிச்சு வைக்கிறேன்" என்றேன். அவன் சிரித்தான் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தான்.

நான் ஊருக்குத் திரும்ப இரண்டு நாள் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம். மங்கைக்கு வீடு வாடகைக்கு விட்ட அம்மா, தேதே என்று பேர், எழுபது வயசு, பின்னால் தனியாகக் குடியிருப்பவர்கள், இங்கிலீஷில் நல்ல வாயாடி, அவர்கள் காலையிலேயே வந்து நாற்காலிகளைச் சுவரோரமாக வரிசை போட்டார்கள். "மங்கை அப்பா, இன்னைக்கு ஆள் வருவாங்க. வேட்டியை மாத்துங்க" என்றார்கள். "யார் வர்றா?" என்றால், "வந்தா தெரியும்" என்கிறார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கதவைத் தட்டினார்கள். திறந்தால் வெள்ளை உடுப்பில் ஒரு கூட்டம். பெரியவர்கள், அத்தைமார்கள், நனைந்த குடைகள். கடைசியில் நம்ம கோட்டைச்சாமி, தலையைக் குனிந்துகொண்டு. ஒருத்தர் கையில் துணி சுற்றின இரண்டு பாட்டில்.

நம் வீடு மாதிரியேதான் சார். முதலில் தண்ணீர் கொடுத்தார்கள் தேதே அம்மா. குடித்து முடித்த பிறகுதான், என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்டார்கள். வந்தவர்களில் ஒருத்தர்தான் பேசுவார். மற்றவர்கள் தலையை ஆட்டுவார்கள். அவர் எழுந்து, "எங்கள் பையன் கோட்டேயின் கல்யாண விஷயமாக வந்திருக்கிறோம்" என்று ஆரம்பித்தார். கூரையில் மழை அடிக்கிற அடியில் கத்த வேண்டியிருந்தது. சத்தம் போடக்கூடாத மாசத்தில் பாவம் கத்தினார்.

எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. நான் பெண் பார்த்துத் தருகிறேன் என்று சொன்னதைப் பையன் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான். குடும்பமே கிளம்பி வந்துவிட்டது! எனக்குப் பெருமை தாங்கவில்லை. எழுந்து நின்றேன். "திஸ் பாய் கோல்ட்" என்றேன். "எந்தப் பொண்ணு வீட்டுக்காரன் வேணும்னாலும் என்கிட்ட வரட்டும். நான் ஜாமீன். ஐ கேரண்டி" என்றேன். கூட்டம் முழுக்க 'ஏ!' என்று சந்தோஷமாக ஒரு குரல் கொடுத்தது. ஒரு அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தேதே அம்மா மட்டும் கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பெண் இந்த வீட்டில்தான் இருக்கிறாள்" என்றார் பேசுகிறவர்.

இந்த வீட்டிலா? நான் தேதே அம்மாவைப் பார்த்தேன்.

"என்னை ஏன் பாக்குறீங்க? எனக்கு ஏற்கெனவே ரெண்டு புருஷன் முடிஞ்சாச்சு" என்றார்கள்.

அப்போது உள்ளேயிருந்து மங்கை வந்தாள். அவள் அம்மாவின் அரக்குச் சேலை. சீனியம்மாள் தீபாவளிக்கு மட்டும் கட்டுவது. மங்கை அதைக் கூடவே எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தெரியும். உறுதியானது அப்போது.

கோபம் வந்தது சார். வராதா? "பாட்டிலை எடுத்துட்டுப் போங்க. நான் குடிக்கிறவன் இல்ல. என் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்தாச்சு" என்றேன். வந்தவர்கள் மரியாதையாக எழுந்தார்கள். கதவைத் திறந்தார்கள். வெளியே தெருவே இல்லை. வடிகால் பொங்கி, முழங்காலுக்கு மேல் பழுப்புத் தண்ணீர். யாரோ ஒருத்தருடைய பிளாஸ்டிக் நாற்காலி மிதந்து போகிறது. கதவைச் சாத்திவிட்டு அவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். போ என்று சொன்னவனும் போக முடியாதவர்களும் ஒரே அறையில் எவ்வளவு நேரம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பது? நான் அடுப்படிக்குப் போனேன். வந்தவர்களுக்குச் சாப்பாடு போடாமல் இருக்க முடியாது, அது வேறு கணக்கு. தக்காளி அரிந்து சாதம் கிளற ஆரம்பித்தேன்.

தேதே அம்மா பின்னாலேயே வந்தார்கள். "காரம் குறையுது" என்றார்கள். பிறகு, "பத்து நிமிஷம் முன்னாடி கேரண்டி கொடுத்தது யாரு?" என்றார்கள்.

"அது டிரைவருக்கு."

"அவன் டிரைவர் இல்ல. உங்க பொண்ணுகூட வேலை பாக்குற இன்ஜினியர். கார் அவனோடது."

"அப்ப ஏன் அவன் வாயைத் திறக்கல?"

"பெரியவங்க வந்து கதவைத் தட்டுறதுக்கு முன்னாடி பொண்ணோட அப்பாகிட்ட பையன் தன்னைப் பத்திப் பேசக் கூடாது. எங்க வழக்கம். உங்களை மூணு வாரம் பின் சீட்டுல வச்சு ஓட்டினான் பாருங்க, அதுதான் அவனோட வாய்."

நான் சாதத்தை வேகமாகக் கிண்டினேன். "இன்னொரு இடத்துக்கும் வாக்குக் கொடுத்திருக்கேன்."

"அவங்க உங்க பொண்ணைக் கேட்டாங்களா?"

"என்னைக் கேட்டாங்க. ஜாதகம் கேட்டாங்க."

"எங்க ஊர்ல பொண்ணு கேக்கக் கொண்டுவர்ற பாட்டிலை வாங்குறதுக்கு முன்னாடி பொண்ணை மூணு தடவை கேப்போம். எல்லார் முன்னாடியும். ஒரு தடவை அவ வேண்டாம்னு சொன்னாலும் பாட்டில் வந்த வழியே போயிரும். கேட்டுப் பாருங்க. கேக்குறது குடுக்குறது ஆகாது. அவ வேண்டாம்னு சொல்லட்டும், நானே அவங்களைத் தண்ணியில தள்ளி விடுறேன்."

நியாயம்தானே? கேட்பதில் என்ன போகிறது என்று வந்தேன். பேசுகிறவர் மறுபடி எழுந்து பாட்டில்களை நீட்டிக்கொண்டு நின்றார். மங்கை என் எதிரில் நின்றாள். எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள். தமிழில்தான் கேட்டேன்.

"மங்கை, இவங்க கொண்டுவந்ததை வாங்கிக்கவா?"

"வாங்குங்கப்பா." மழைச் சத்தத்தில் உதடு அசைந்ததுதான் தெரிந்தது.

பல் டாக்டரின் அப்பா முகம் வந்து போயிற்று. "யோசிச்சுச் சொல்லு. வாங்கிக்கவா?"

"மூணு வருஷமா யோசிச்சேன்பா. வாங்குங்க."

மூன்றாவது தடவை கேட்க வேண்டும். எனக்கு இருமல் வந்துவிட்டது. ஏன் என்று கேட்காதீர்கள், தக்காளிச் சாதப் புகை. மூன்று வாரம் பல் டாக்டர், பல் டாக்டர் என்று பேசினேனே, அதில் ஒரு வாக்கியம்கூடக் கேள்வியாக இருந்ததா என்று அப்போது என்னவோ ஒரு நினைப்பு. யாரோ தண்ணீர் டம்ளரை நீட்டினார்கள். பார்த்தால் கோட்டைச்சாமி. தோளில் என் ஈரிழைத் துண்டு. அவன் கையைப் பார்த்தேன். டம்ளரில் தண்ணீர் ஆடுகிறது. அத்தனை மழையிலும் ஸ்டீயரிங்கில் ஆடாத கை.

குடித்தேன். "தாயி, கடைசியாக் கேக்குறேன். வாங்கிக்கவா?"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "சீக்கிரம் வாங்குங்கப்பா! அந்தப் பெரியவருக்குக் கை வலிக்குது!" என்று கத்தினாள். மேளம் அடிக்கக் கூடாத ஊரில் அந்தச் சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

வாங்கிக்கொண்டேன். கனமான பாட்டில்கள் சார். பெரியவருக்கு உண்மையிலேயே வலித்திருக்கும்.

பிறகென்ன, தக்காளிச் சாதம்தான். தண்ணீர் வடியச் சாயங்காலம் ஆனது, அதுவரைக்கும் சாப்பிட்டோம். அத்தைமார்கள் சாதத்தை மூன்றாவது தடவையும் கேட்டு வாங்கினார்கள். கோட்டைச்சாமி வந்து பக்கத்தில் நின்றான். "டாடி, ரிவர்ஸ்" என்றான். என்னைத்தான் இறங்கி நின்று கை காட்டச் சொல்கிறான், எல்லாரையும் வீட்டில் கொண்டு விட வேண்டுமே. மழையில் நின்று காட்டினேன். "லெஃப்ட், லெஃப்ட், போதும்." இன்னமும் அவசரப்படுகிறான். ஆனால் ஒன்று, அன்றைக்கு நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன்.

பல் டாக்டர் வீட்டுக்கா? நானே நேரில் போய்ச் சொன்னேன். ஒரு வருஷம் பேசவில்லை. பிறகு எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஆடியது. எங்கள் ஏரியாவில் அவனை விட்டால் ஆள் இல்லை. போனேன். பிடுங்கும்போது கொஞ்சம் அழுத்தித்தான் பிடுங்கினான். இப்போது சரியாகிவிட்டது, பல்லும் சரி, அவனும் சரி.

ஒரு பாட்டிலைத் தேதே அம்மா எடுத்துக்கொண்டார்கள். முன்னோர்களுக்குத் தரையில் ஊற்றுவதற்கு என்றார்கள். எல்லாமே தரைக்குப் போனதா என்று எனக்குத் தெரியாது. இன்னொன்று வீட்டில் இருக்கிறது. மூடியை உடைக்கவில்லை. சீனியம்மாள் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். எங்கள் கல்யாணத்தில் அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் அய்யா வந்து, நாள் குறித்தாச்சு என்றார், அவ்வளவுதான். ஒரு நாள் சும்மா விளையாட்டுக்கு, பாட்டிலைக் காட்டி, "என்ன, வாங்கிக்கவா?" என்று படத்தைப் பார்த்து மூன்று தடவை கேட்டேன். வீட்டில் யாரும் இல்லை, அதனால் கேட்டேன். என்ன சொல்லியிருப்பாள்? "முதல்ல சட்டையை மாத்துங்க" என்றிருப்பாள். அதற்குச் சரி என்றுதான் அர்த்தம். அவளை எனக்குத் தெரியும்.

அதுதான் இன்றைக்கு ராஜபாளையத்திலும் அந்தப் பெண்ணை மூன்று தடவை கேட்கப் போகிறேன். எங்கள் வீட்டில் சிரிக்கிறார்கள். "பெரியப்பா, அவ மூணாவது தடவை வேண்டாம்னு சொல்லிட்டா?" என்கிறான் தம்பி மகன். சொன்னால் என்னடா, அடுத்த பஸ்ஸைப் பிடித்து வருவோம்.

ஊர் வந்துவிட்டது. அந்தப் பையை மட்டும் எடுத்துக் கொடுங்கள். பார்த்தீர்களா, இந்த டிரைவர் வளைவில் எவ்வளவு பதமாகத் திருப்புகிறான்? ஏறினதிலிருந்து கையைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். தங்கமான பையன், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. உங்கள் பக்கம் யாராவது பெண் இருந்தால் சொல்லுங்கள், நான் ஜாமீன்.

என்ன கண்டக்டர் தம்பி? டிரைவருக்குப் பேத்தி இருக்கிறாளா?

எனக்கு அது முதலிலேயே தெரியும்.